உலைக்கூடத்துக் கணினியின் தேதியைத் திருத்தினேன்

2023 அக்டோபர் 25, புதன்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். ஓசூரில் தூறல். குடை பிடிக்கவும் மனம் வராது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது என்கிற வகைத் தூறல். எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி பனியில் மறைந்திருந்தது. நான் இரண்டாவது தேநீரை முடித்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழைப்பு வரும் என்று எனக்குத் தெரியும்.

பழைய கணினிகளை ஓடவைக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான். நம்முடைய அறுவடைக் காலம் ஆயுத பூஜை. வருடம் முழுவதும் நிற்காமல் ஓடிய கணினியை அன்று ஒரு நாள்தான் நிறுத்துவார்கள். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, எதிரே பூசணிக்காய் உடைப்பார்கள். விஜயதசமிக்கு மறுநாள் சுவிட்சைப் போட்டால் அது எழும்பாது. பத்தொன்பது ஆண்டுகளில் பூஜை வாரத்தில் மட்டும் அறுபத்தொரு கணினிகளைப் பார்த்திருக்கிறேன். நாற்பத்து நான்கில் ஹார்டு டிஸ்க் இறுகிப்போயிருந்தது. ஒன்பதில் பிளாப்பி போடும் வாயில் விபூதி. ஐந்தில் விசைப்பலகைக்குள் எலுமிச்சைச் சாறு. மூன்றில் எலி, அதற்குப் பூஜை பொறுப்பல்ல, பொரி பொறுப்பு.

அழைத்தவர் நூர்ஜஹான். தொழிற்பேட்டையில் எஃகுப் பாகங்களை உலையில் வைத்துக் கடினமாக்கித் தரும் ஒரு சிறிய ஆலையில் தரக்கட்டுப்பாட்டைக் கவனிப்பவர். சுற்றி வளைக்காமல் பேசுவார். அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

"சார், கம்ப்யூட்டர் எழும்பல."

"எத்தனை தடவை சுவிட்ச் போட்டீங்க?"

"நாலு."

"அஞ்சாவது போடாதீங்க."

"சேவியர் சார் போட்டுட்டாரு சார். இப்ப ஆறாவது போடப் போறாரு."

"அவர் கையைப் பிடிங்க."

"முதலாளி கைய நான் எப்படி சார் பிடிக்கறது?"

பதினொரு கிலோமீட்டர். 7:25-க்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் உடைந்த பூசணியின் குங்குமம் தூறலில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி சேவியர் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜையை ஒரு வருடமும் விட்டதில்லை. நாற்பத்தாறு பேர் வேலை செய்கிற இடத்தில் அது முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்த காரியமல்ல. உலைகளை மட்டும் அணைக்கமாட்டார்கள். அணைத்தால் மறுபடி சூடேற ஒரு நாள் ஆகும். கணினிக்கு அந்த மரியாதை இல்லை.

கணினி இருந்த கண்ணாடி அறைக்கு வெளியே ஒருவர் கைகட்டி நின்றிருந்தார். உலை இயக்குபவர் முனிராஜப்பா. ஐம்பத்தேழு வயது, அந்த ஆலையில் இருபத்திரண்டு வருடம். வேப்பனப்பள்ளிக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர். வீட்டில் தெலுங்கு, வேலையாட்களோடு கன்னடம், என்னோடு தமிழ். ஒன்பது நாட்களாக அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்று யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார்.

விஷயம் இதுதான். செப்டம்பரில் ஓர் இரவு முனிராஜப்பாவின் பொறுப்பில் உலையேறிய 4,200 டிராக்டர் இணைப்புப் பின்கள், வாங்கிய நிறுவனத்தில் சோதித்தபோது கடினமாகாமல் மெத்தென்று இருந்தன. உலையைக் கவனிக்காமல் ஆள் தூங்கிவிட்டார் என்பது அவர்கள் முடிவு. முனிராஜப்பா சொன்னது வேறு: கரண்டு போயிற்று, ஜெனரேட்டர் நாற்பது நிமிடம் ஓடவில்லை. ஆனால் ஜெனரேட்டர் நோட்டில் 'இரண்டு நிமிடத்தில் ஓடியது' என்று எழுதியிருந்தது. அந்த நோட்டில் வருடம் முழுவதும் எல்லாப் பக்கத்திலும் இரண்டு நிமிடம்தான். மறுநாள் காலை யாரோ ஒருவர் பழக்கத்தில் எழுதிவைப்பது. காகித வரைபடம் அச்சிடும் பிரிண்டரின் ரிப்பன் அந்த வாரம் காய்ந்துபோய், தாளில் ஒன்றும் தெரியவில்லை. மிச்சமிருந்தது கணினியில் உள்ள கோப்பு. உலைகளின் வெப்பத்தைப் பத்து விநாடிக்கு ஒருமுறை அது எழுதிவைக்கும். அதற்குத் தனி பேட்டரி உண்டு என்பதால் கரண்டு போனாலும் எழுதும். வாங்கும் நிறுவனத்தின் தர அதிகாரி அன்று காலை பதினொரு மணிக்கு அந்தக் கோப்பைப் பார்க்க வருகிறார். பார்க்க ஒன்றும் இல்லையென்றால் முனிராஜப்பாவை நீக்கும் கடிதம் தயார். உலையில் தூங்கினார் என்று எழுதி வெளியே அனுப்பப்பட்டவரை அந்தத் தொழிற்பேட்டையில் வேறு யாரும் வாசலுக்குள் விடமாட்டார்கள்.

"அதுக்குள்ள கீது சார்," என்றார் முனிராஜப்பா, கண்ணாடிக்கு அப்பால் இருந்த கணினியைக் காட்டி. "நான் தூங்கலன்னு அதுக்குத் தெரியும்."

"அதுக்கு ஒண்ணும் தெரியாது முனிராஜப்பா. எழுதி வெச்சிருக்கும், அவ்வளவுதான்."

"அது போதும் சார்."

விண்டோஸ் 98. ஏன் இன்னும் என்று கேட்காதீர்கள். உலையோடு அதை இணைக்கும் சர்க்யூட் அட்டை அந்தக் காலத்துக் கணினிப் பெட்டியில்தான் உட்காரும். அட்டையைச் செய்தவர்கள் கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்தேன். சுவிட்ச் போட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். உள்ளே தட்டு சுழலவில்லை. இறுகிய தட்டை விடுவிக்க உள்ளங்கைச் சூடும் ஒரு மணிக்கட்டுத் திருப்பலும் வேண்டும். அதை இங்கே விவரிக்கமாட்டேன். படித்துவிட்டு நல்ல டிஸ்க்கில் செய்து பார்ப்பீர்கள்.

மூன்றாவது திருப்பலில், 8:50-க்கு, அது சுழன்றது. அந்தச் சத்தம்! விமானம் ஓடுபாதையில் வேகமெடுப்பது போல மெல்லத் தொடங்கி மேலே ஏறும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். முனிராஜப்பா வெளியே நின்றே கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ கற்பூரம் கொண்டுவர ஓடினார்கள். சேவியர் கைதட்டினார்.

தவறு அங்கேதான் தொடங்கியது. கவனமாகக் கேளுங்கள். சுழலத் தொடங்கிய பழைய டிஸ்க்கை என் மடிக்கணினியில் மாட்டி முதலில் நகல் எடுத்திருக்க வேண்டும். இதை உங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று நான் செய்யவில்லை. கைதட்டல் கேட்டுவிட்டதே. எல்லோரும் திரையைப் பார்க்க ஆவலாக நின்றார்கள், எனக்கும் காட்ட ஆவல். டிஸ்க்கை அந்தக் கணினியிலேயே ஓடவிட்டேன். திரை வந்தது. உலைகளின் பதிவு நிரல் தானாகவே திறந்தது. கீழ் மூலையில் தேதி: 1 ஜனவரி 1998.

கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி செத்திருக்கிறது. அதனால் தேதி தொடக்கத்துக்குப் போயிருக்கிறது. அதுவரை சரியாகத்தான் யோசித்தேன். ஆனால் தவறான எண் ஒன்று கண்ணெதிரே இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஹோட்டலில் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் முந்திப் போனால் பணியாளரைக் கூப்பிட்டுச் சொல்கிறவன் நான். 9 மணி 2 நிமிடத்துக்குத் தேதியை 25 அக்டோபர் 2023 என்று திருத்தினேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

நிரலில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதில் ஓர் எண் ஏறத் தொடங்கியது. 12, 13, 14. புதிய தேதிக்கு ஏற்ப எதையோ சரிசெய்கிறது என்று நினைத்தேன்.

நூர்ஜஹான் ஒரு நீள நோட்டோடு உள்ளே வந்தபோது எண் 140-ஐ நெருங்கியிருந்தது. திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சார், தேதிய தொட்டீங்களா?"

"தப்பா இருந்தது, திருத்தினேன்."

"அல்லாவே! போன வருஷம் பூஜையிலிருந்து அது 1998-லதான் சார் ஓடுது! நாங்க யாரும் தொடமாட்டோம்! நானூறு நாளுக்கு மேல பழசான கோப்பெல்லாம் அதுவே அழிச்சிடும் சார்!"

புரிந்ததா? முந்தைய ஆண்டு பூஜை முடிந்து கணினியைப் போட்டபோதே அந்த பேட்டரி செத்துவிட்டது. அன்றிலிருந்து கணினியைப் பொறுத்தவரை காலம் 1998. இவர்களோ புத்திசாலிகள், அதைத் திருத்தாமல் ஒரு நோட்டுப் போட்டார்கள். இடப்பக்கம் நம் தேதி, வலப்பக்கம் அதன் தேதி. நம் 2023 செப்டம்பர் 13 அதிகாலை 2:13 என்பது அதற்கு 1998 டிசம்பர் 8 மாலை 6:03. ஓராண்டுக்கும் மேலாக ஒரு பிழையும் இல்லாமல் நடந்த ஏற்பாடு. நான் வந்து பதினைந்தே விநாடியில் அதைச் 'சரிசெய்து', அந்த ஓராண்டு முழுவதையும் இருபத்தைந்து வருடப் பழசாக்கிவிட்டேன். நிரல் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. ஜனவரியிலிருந்து வரிசையாக, ஒரு நாளுக்கு ஒரு கோப்பு, விநாடிக்கு இரண்டு.

"நம்ம கோப்பு எத்தனையாவது?"

அவர் விரலால் நோட்டில் எண்ணவில்லை. ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தார். "முன்னூத்து நாப்பத்திரண்டு."

திரையில் 171.

நிரலை மூடப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்டது. "என்ன கடவுச்சொல்?" என்று கத்தினேன். சேவியர், "எங்க அப்பா காலத்துல போட்டது ஐயா," என்றார். 198. தேதியைப் பழையபடி மாற்றினேன்; கட்டம் அசையவில்லை, எண் மட்டும் ஏறியது. 226. என் கை கணினியின் பின்பக்கம் மின்கம்பிக்குப் போனது; அங்கேயே நின்றது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த இடம். கம்பியைப் பிடுங்கினால் அழிப்பது நிற்கும். டிஸ்க்கும் நிற்கும். மூன்று திருப்பலில் எழுந்தது அதிர்ஷ்டம். நின்றால் மறுபடி எழும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பிடுங்காவிட்டால் நம் கோப்பின் பெயரும் பட்டியலிலிருந்து போகும். அழிந்த கோப்பை மீட்கலாம்தான். ஆனால் நிரல் இரண்டு உலைகளுக்கும் பத்து விநாடிக்கு ஒருமுறை புதிதாக எழுதிக்கொண்டே இருக்கிறது. அது எந்த இடத்தின் மேல் எழுதும் என்று யாருக்குத் தெரியும்?

"புடுங்குங்க சார்!" என்றார் நூர்ஜஹான்.

"புடுங்காதீங்க! திரும்ப எழும்பலன்னா?" என்றார் சேவியர்.

254.

நான் முதன்முதலில் வேலை பார்த்த கணினிப் பிரிவின் மேலாளர் எப்போதோ சொன்ன ஒரு வாக்கியம் என்னிடம் உண்டு. பெரிய ஆள் அல்ல, பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. மதியம் சாப்பிட்டதும் கால்மணி நேரம் தூங்குவார், எழுப்பினால் திட்டுவார். அவர் சொன்னது: "நின்ன தட்டு பேசாது. ஆனா மறக்காது. ஓடற தட்டுதான் மறக்கும்."

288-ல் பிடுங்கினேன். நேரம் 9:04.

அறை அமைதியானது. அந்த அமைதியில் தட்டு வேகம் குறைந்து நிற்பதை எல்லோரும் கேட்டோம். யாரும் கைதட்டவில்லை.

இந்த முறை புத்தியோடு நடந்தேன். டிஸ்க்கை என் மடிக்கணினியில் மாட்டினேன். படிக்கலாம், எழுத முடியாது என்கிற இணைப்பில். திருப்பினேன். 'டிக்.' மீண்டும். 'டிக்.' மூன்றாவதில் எழும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். எழவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஐந்து நிமிட இடைவெளி. அவசரப்பட்டால் மோட்டார் எரியும். அந்த ஐந்து நிமிடங்களில் என்னென்ன செய்தேன் என்று கேட்டால் வெட்கம். அறையின் தரை ஓடுகளை எண்ணினேன். நூற்று முப்பத்திரண்டு.

பத்தாவது முயற்சி தோற்றபோது முனிராஜப்பா மெல்ல உள்ளே வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அது உதவியாகக்கூட இருந்திருக்கும்.

"முனிராஜப்பா, நான்தான் கெடுத்தேன்."

"லேது சார். பழைய உலை கதவு இப்படித்தான், ஒட்டிக்கும். இருபது தடவ தட்டினா இருபத்தொண்ணாவதுல வரும்." கொஞ்சம் யோசித்தார். "ஒரு தடவ வரவேயில்ல. வெல்டிங் வெச்சு அறுத்தோம்."

"இதை அறுக்க முடியாது."

"தெரியும் சார். சும்மா பேச்சுக்கு."

நூர்ஜஹான் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு டிஸ்க்கை மறுபடி கையில் எடுத்தேன்.

பதினேழாவது முயற்சி, 10:31. 'டிக்'குக்குப் பிறகு ஒரு முனகல். பிறகு அது ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது! நான் எழுந்து குதித்தேன் என்று நூர்ஜஹான் பின்னால் எல்லோரிடமும் சொன்னார். அறுபத்தொன்பது வயதில் குதித்திருக்கமாட்டேன். ஆனால் நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது உண்மை. இந்த முறை யாருக்கும் எதையும் காட்டவில்லை. நகல் எடுத்தேன். பதினாறு நிமிடம். மொத்தம் 291 கோப்புகள் அழிந்திருந்தன. திரை மூன்று பின்தங்கிக் காட்டியிருக்கிறது. 342-ஆவது, 1998 டிசம்பர் 8, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

திறந்தேன். மாலை 6:03 வரை இரண்டு உலைகளும் 920 டிகிரி. பிறகு 918, 915, 911. சரிந்துகொண்டே போய் 838. நாற்பத்தொரு நிமிடம். அதன் பிறகு ஏறுகிறது. மனிதன் தூங்கினால் உலை அப்படிச் சரியாது. மின்சாரம் இல்லையென்றால்தான் சரியும். இரண்டு உலைகளும் ஒரே நொடியில்.

முனிராஜப்பா எண்களைப் படிக்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்த் தூறலில் நின்றார்.

சேவியர் என் முழங்கையைத் தொட்டார். "ஐயா, ஒரு நிமிஷம்." ஜெனரேட்டர் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? பதினாறு தடவ எழும்பல இல்லையா?"

"பதினேழாவது எழும்பிடுச்சு."

"அது நாலு பேருக்குத்தான் தெரியும்."

"நாலு பேர்ல ஒருத்தர் முனிராஜப்பா."

"அவர் சொன்னா யார் நம்பப் போறா?" சொல்லி முடித்ததும் அவருடைய முகமே மாறிவிட்டது. தான் சொன்னது அவருடைய காதிலேயே விழுந்திருக்க வேண்டும். சற்று நேரம் ஜெனரேட்டரின் டீசல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணாரு ஐயா. டீசல் இல்ல, கேன்ல வாங்கிட்டு வந்து ஊத்தினேன், இந்த லோடை இன்னொரு தடவ ஓட்டணும்னாரு. லாரி அஞ்சு மணிக்கு. நான்தான் அனுப்புங்கன்னு சொன்னேன்."

"இதை அவர் யார்கிட்டயும் சொல்லலையே."

"சொல்லல. ஒன்பது நாளா சொல்லல." நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஆர்டர் போச்சுன்னா பாதி ஆலை போச்சு. இருபது பேரை வீட்டுக்கு அனுப்பணும். நீங்கதானே தேதிய மாத்தி அழிச்சீங்க? அழிஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய்கூட இல்லையே ஐயா."

தம்பி தங்கைகளே, நம் தொழிலில் இப்படி ஒரு வசதி உண்டு. அதுதான் நமக்கு ஆபத்து. டிஸ்க் செத்துவிட்டது என்று நாம் சொன்னால் உலகம் நம்பும். மருத்துவர் சொன்னால்கூட இரண்டாவது கருத்துக் கேட்பார்கள். நம்மிடம் கேட்கமாட்டார்கள். சேவியர் கெட்டவர் அல்லர். அவர் சொன்ன இருபது பேரும் உண்மை. நான் அவ்விடத்தில் நின்றபடியே கணக்குப் போட்டேன், மறைக்கவில்லை. அவர் ஆலையும் அவர் அறிமுகப்படுத்திய வேறு மூன்று ஆலைகளும் என் வருமானத்தில் பாதிக்கு மேல். கோப்பு மிஞ்சியிருக்கிறது என்று சொன்னால் அந்த நான்கும் போகலாம். நான் அழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் எல்லாம் மிஞ்சும். முனிராஜப்பா மட்டும் போவார்.

"கோப்பைப் படிக்காம இருந்திருந்தா நீங்க சொல்றதை யோசிச்சிருப்பேன்," என்றேன். "படிச்சிட்டேன். இனி முடியாது. ரெண்டு பக்கம் எழுதி உங்க மேஜையில வெக்கறேன். நீங்களே கொடுங்க. என் கையால கொடுக்கமாட்டேன்."

எழுதினேன். முதல் பக்கம் முழுவதும் என் தவறு: எத்தனை மணிக்குத் தேதியைத் தொட்டேன், எத்தனை கோப்புகளை அழியவிட்டேன், எந்த எண்ணில் பிடுங்கினேன். இரண்டாம் பக்கம் மிஞ்சியது என்ன என்பது. தொலைபேசி அழைப்பைப் பற்றி எழுதவில்லை. அது கோப்பில் இல்லை.

அதிகாரி 11:10-க்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். சேவியர் அந்த இரண்டு தாள்களையும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு நீட்டினார். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"நீங்களே அழிச்சேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இந்த மீதியையும் நீங்களே எழுதலன்னு எப்படி சார் நம்பறது?"

"பொய்யா எழுதத் தெரிஞ்சவனா இருந்தா முதல் பக்கத்தை எழுதியிருக்கமாட்டேன் மா."

சிரிக்கவில்லை அவர். அப்போது நூர்ஜஹான் குறுக்கே வந்தார். "மேடம், ரெண்டாவது உலையும் அதே நேரத்துல விழுந்திருக்கு. அன்னைக்கு அதுல உங்க சின்ன கியர் 1,150 ஓடிச்சு. அதை யாரும் இன்னும் செக் பண்ணல. பண்ணிப் பாருங்க. அதுவும் சாஃப்டா இருந்தா கோப்பு நிஜம்."

சேவியர் கண்களை மூடிக்கொண்டார். ஒரு தவறுக்குப் பதில் இரண்டு தவறு ஆலையின் தலையில் விழுந்தது. அதிகாரி தொலைபேசியில் பேசினார். அந்தக் கியர்கள் இன்னும் வண்டியில் பொருத்தப்படாமல் கிடங்கில் இருந்தன. நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. அவையும் மெத்தென்றுதான் இருந்தன. போட்டு ஓட்டியிருந்தால் எந்த வயலில் எந்த டிராக்டர் யார் மேல் சாய்ந்திருக்குமோ.

"சரி, கரண்டு போச்சு. ஒத்துக்கறேன்," என்றார் அதிகாரி. கதவோரம் வந்து நின்றிருந்த முனிராஜப்பாவைப் பார்த்தார். "ஆனா லோடை ஏன் திரும்ப ஓட்டல? உங்களுக்குத் தெரியும்ல?"

முனிராஜப்பா தரையைப் பார்த்தார். "அது… என் தப்புதான் மேடம். நான்—"

"இல்ல," என்றார் சேவியர். "அவர் ஓட்டணும்னு சொன்னாரு. நான்தான் லாரிய அனுப்பச் சொன்னேன்."

அதிகாரி நோட்டில் ஏதோ எழுதினார். சேவியர் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டாவது ஷிப்டுக்கு வந்துடுங்க முனிராஜப்பா," என்றார். முனிராஜப்பா, "ரெண்டாவது எதுக்கு சார், இப்பவே நிக்கறேன்," என்று உலைப் பக்கம் போய்விட்டார்.

ஆர்டர் முழுதாகப் போகவில்லை. மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. முனிராஜப்பா தன் ஐம்பத்தெட்டில், தன் தேதியில், மாலையோடு ஓய்வு பெற்றார். அதை நூர்ஜஹான்தான் எனக்குச் சொன்னார்.

சேவியர் என்னை மறுபடி கூப்பிடவில்லை. எனக்கு அது புரிந்தது. என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்தக் கொட்டகை நினைவுக்கு வரும். மற்ற மூன்று ஆலைகளும் அடுத்தடுத்து நின்றன. "அவரைக் கூப்பிட்டா உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துடும்" என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இதைவிட நல்ல விளம்பரம் நம் தொழிலுக்கு உண்டா சொல்லுங்கள். ஆனால் அவர் அதை விளம்பரமாகச் சொல்லவில்லை.

போன மாதம் உங்களில் ஒருவர் கேட்டார்: "அந்த ரெண்டாவது பக்கத்தை எழுதாம விட்டிருந்தா எவ்வளவு சார் மிச்சம்?" கேட்கத் தகுந்த கேள்வி. சேவியர் ஆலையின் பராமரிப்பு வருடத்துக்கு 24,000. மற்ற மூன்றும் தலா 18,000. நான் தொழிலை நிறுத்தும்வரை இரண்டு வருடம், ஆக 1,56,000. அன்றைய கூலி 3,500, என் தவறுக்காக வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் கணினிக்கு என் செலவில் மாட்டிக் கொடுத்த வேறு டிஸ்க் 1,850. கடிகார பேட்டரி 40. பெட்ரோல் 110. மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.